புதிய கணினியில் பழைய விண்டோஸ்: அழிப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

புதிதாக வாங்கிய மடிக்கணினியைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸ் 7 அடித்துத் தாருங்கள்" என்று கேட்பவர்கள் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் இன்னும் இருக்கிறார்கள். பாடசாலைப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்ததைப் பேச்சு வழக்கில் விண்டோஸ் என்றும், அதை நிறுவுவதை 'அடிப்பது' என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். அடிப்பதற்கு அரை நாள் போதும். ஆனால் அழித்ததைத் திரும்பப் பெறுவதற்குச் சிலவேளை ஒரு மாதமும் போதாது. ஆகவே எதையும் அழிப்பதற்கு முன்னர் எந்த ஒழுங்கில் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதை, கிளிநொச்சியில் கணினி திருத்தும் வேலையில் நான் கண்டவற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து, பழைய விண்டோஸில் செய்ய முடிந்த எந்த வேலையைப் புதியதில் செய்ய முடியவில்லை என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். "புதியது பிடிக்கவில்லை" என்பது காரணமாகாது. "2008 இல் வாங்கிய ஸ்கேனரைப் புதிய கணினி அடையாளம் காணவில்லை" என்பது காரணம். என்னிடம் வந்தவர்களில் பலர் இந்த வசனத்தை எழுத முயன்றபோதே, தங்களுடைய பிரச்சினை விண்டோஸின் பதிப்போடு தொடர்பில்லாதது என்பதைக் கண்டுகொண்டார்கள்.

வேகம் குறைவு என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. விலை குறைந்த மடிக்கணினிகளில் 4 ஜிபி றாமும், தாய்ப்பலகையோடு ஒட்டிய 64 ஜிபி சேமிப்பும் மட்டுமே இருக்கும். விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசொஃப்ட் குறிப்பிட்டிருக்கும் ஆகக் குறைந்த அளவும் அதுதான். ஆகக் குறைந்த அளவில் எந்த இயந்திரமும் மூச்சு வாங்கத்தான் செய்யும். அங்கே பழைய விண்டோஸைத் தேடுவதைவிட, இடமிருந்தால் றாமை 8 ஜிபி ஆக்குவதும், சாதாரண வன்தட்டு இருந்தால் அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் வேகமான சேமிப்புத் தட்டைப் போடுவதும் பயன் தரும். இன்னொரு முறைப்பாடு, "எந்த மென்பொருளையும் போட விடுகிறதில்லை" என்பது. சில புதிய கணினிகள் எஸ் மோட் என்ற நிலையில் வருகின்றன. அந்த நிலையில் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டுமே நிறுவலாம். செட்டிங்ஸில் அக்டிவேசன் பகுதிக்குள் சென்று, பணம் எதுவும் செலுத்தாமல் அந்த நிலையிலிருந்து வெளியேறலாம். வெளியேறிய பின்னர் திரும்பிச் செல்ல முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இதற்காக விண்டோஸையே மாற்றுவது, பூட்டைத் திறக்கத் தெரியாமல் கதவைப் பெயர்ப்பதற்குச் சமம்.

மூன்றாவது முறைப்பாடு பாமினி என்ற தமிழ் எழுத்துரு பற்றியது. கொமினிக்கேசன் கடை வைத்திருப்பவர்களும் அழைப்பிதழ் அச்சிடுபவர்களும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பாமினி எழுத்துரு விண்டோஸ் எக்ஸ்பியிலும் 7 இலும் மட்டுமே சரியாக இயங்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மையில் அது ஒரு சாதாரண எழுத்துருக் கோப்பு. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 11 இல் அந்தக் கோப்பின் மீது வலது பக்கம் சொடுக்கி, இன்ஸ்டோல் என்பதைத் தெரிவு செய்தால் அது அப்படியே வேலை செய்யும். பிறகு ஏன் புதிய கணினியில் 'அம்மா' என்று தட்டினால் 'ஆம்மா' என்று வருகிறது? பாமினியில் அகரம் ஆங்கிலச் சிறிய எம் எழுத்திலும், ஆகாரம் பெரிய எம் எழுத்திலும் இருக்கின்றன. புதிதாக நிறுவிய வேர்ட் மென்பொருள் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடுகிறது. பழைய கணினியில் யாரோ ஒருவர் எப்போதோ நிறுத்தி வைத்த ஓட்டோ கரெக்ட் வசதி, புதியதில் மீண்டும் இயங்குகிறது. அதை நிறுத்தினால் விடயம் முடிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகப் புத்தம் புதிய கணினியில் விண்டோஸ் 7 கேட்டு வந்த ஒருவரை இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் கடைசிவரை என்னை முழுமையாக நம்பவில்லை என்பது வேறு விடயம்.

இவற்றையெல்லாம் கழித்த பின்னர் மிஞ்சுவதுதான் உண்மையான சிக்கல்: பழைய கருவி ஒன்று, அல்லது பழைய மென்பொருள் ஒன்று. இங்கே சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பரந்தன் பக்கத்து நெல் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மின்னணுத் தராசு, ஒன்பது ஊசி கொண்ட சீரியல் இணைப்பின் வழியாக நிறையைக் கணினிக்கு அனுப்பும். எக்ஸ்பி காலத்து மென்பொருள் ஒன்று அதை வாங்கிப் பற்றுச்சீட்டு அடிக்கும். பழைய கணினி பழுதானதும் உரிமையாளர் புதியது வாங்கினார். புதியதில் அந்த இணைப்புக்கான துளையே இல்லை. எக்ஸ்பியை நிறுவினால் துளை முளைக்காது என்பது சொன்னால் விளங்கும். ஆனால் "பழைய விண்டோஸ் இருந்தால் வேலை செய்யும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யூ.எஸ்.பி. துளையில் செருகும் சீரியல் மாற்றி ஒன்றை வாங்கி இணைத்தோம். அப்போதும் மென்பொருள் தராசைக் காணவில்லை. காரணம், புதிய விண்டோஸ் அந்த மாற்றிக்குக் கொம் 7 என்ற இலக்கத்தைக் கொடுத்திருந்தது. அந்தப் பழைய மென்பொருளுக்கோ கொம் 1 முதல் கொம் 4 வரை மட்டுமே தெரியும். டிவைஸ் மனேஜரில் போர்ட்ஸ் பகுதிக்குள் சென்று, அந்த மாற்றியின் அட்வான்ஸ்ட் அமைப்பில் இலக்கத்தைக் கொம் 2 என்று மாற்றியதும் தராசு பேசத் தொடங்கியது. விண்டோஸ் 11 இல்தான் அந்த வேலை நடக்கிறது.

எல்லாக் கருவிகளும் இப்படி எளிதில் இணங்கா. ஸ்கேனர், அச்சுப்பொறி போன்றவற்றை விண்டோஸோடு பேச வைப்பது டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள். விண்டோஸ் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகைகளில் வந்திருக்கிறது. 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவர் 64 பிட் விண்டோஸில் இயங்காது. எந்தத் தந்திரம் செய்தாலும் இயங்காது. விண்டோஸ் 11 க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே கருவியைத் தயாரித்தவர்களின் இணையத்தளத்தில் அந்த மாதிரியின் பெயரைத் தேடி, 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 7 க்கான 64 பிட் டிரைவர் இருந்தால், அது 11 இலும் வேலை செய்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. 32 பிட் டிரைவர் மட்டுமே இருந்தால், புதிய கணினியில் 64 பிட் விண்டோஸ் 7 ஐ நிறுவினாலும் அந்தக் கருவி அசையாது. 'பழைய விண்டோஸ்' என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மென்பொருளுக்கும் இதே போன்ற கோடு ஒன்று உண்டு. 32 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் இயங்கும். 16 பிட் மென்பொருள்கள் இயங்கவே மாட்டா. சில பழைய மென்பொருள்கள் 32 பிட் ஆக இருந்தாலும், அவற்றை நிறுவும் செட்டப் கோப்பு 16 பிட் ஆக இருப்பதால் தொடக்கத்திலேயே நின்றுவிடும். 2001 இல் வெளிவந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 போன்றவற்றை, முதலில் கோப்பின் புரொப்பட்டீஸ் பகுதியிலுள்ள கொம்பற்றிபிலிட்டி தாவலில் எக்ஸ்பி அல்லது 7 என்று தெரிவு செய்து, நிர்வாகி உரிமையோடு இயக்கிப் பாருங்கள். ஒரு மாலை நேரத்தை இதற்காகச் செலவிடுவது, கணினியை முழுவதுமாக அழித்து அடிப்பதைவிட எவ்வளவோ மலிவு.

கணினி எதை ஏற்கும்?

காரணம் உண்மையானது என்று கண்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் இயந்திரம் பழைய விண்டோஸை ஏற்குமா என்பதை. தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேசன் என்று தட்டித் திறந்தால் புரொசசரின் பெயர் தெரியும். இன்டெல் கோர் வரிசையில் ஐ5-6200யூ என்றிருந்தால் 6ஆம் தலைமுறை, ஐ5-8250யூ என்றிருந்தால் 8ஆம் தலைமுறை, ஐ5-1235யூ என்றிருந்தால் 12ஆம் தலைமுறை. இந்த ஓர் எண் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும்.

நம் பகுதியில் 'புதிய கணினி' என்று சொல்லப்படுவது பல வேளைகளில் வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பின்னர் இங்கே வந்து சேர்ந்தது. வீட்டுக்குப் புதிது, அவ்வளவே. 4ஆம், 5ஆம், 6ஆம் தலைமுறைப் புரொசசர்களைக் கொண்ட அத்தகைய கணினிகளில், விண்டோஸ் 11 ஐப் பரிசோதனைகளைத் தாண்டும் குறுக்கு வழியில் நிறுவி விற்கிறார்கள். அதிகாரபூர்வமாக 11 க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் இயக்கும் செக்கியூர் பூட் வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. இத்தகைய கணினிக்கு விண்டோஸ் 10 தான் இயல்பான இடம். அங்கே 'பழையதுக்குப் போவது' ஒரு பின்வாங்கலே அல்ல. இணையமும் கடிதமும் கணக்கும் மட்டும் போதும் என்பவர்களுக்கு உபுண்டு போன்ற லினக்ஸ் இன்னும் நல்ல தெரிவு. இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால், கடையிலேயே தலைமுறையைக் கேட்டு, 8 க்குக் குறைந்ததை வாங்காமல் விடுங்கள்.

உண்மையிலேயே புதிய கணினியில் விண்டோஸ் 7 ஐ நிறுவுவதைப் பற்றி என் கருத்து ஒன்றே: வேண்டாம். அது நுட்பக் காரணங்களால் வரும் முடிவு. 2016 இல் வரத் தொடங்கிய இன்டெல் 7ஆம் தலைமுறையிலிருந்து புதிய புரொசசர்களுக்கு விண்டோஸ் 7 ஆதரவு கிடையாது. 6ஆம் தலைமுறையிலேயே பழைய யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி நீக்கப்பட்டுவிட்டதால், விண்டோஸ் 7 இன் நிறுவல் திரை வந்ததும் யூ.எஸ்.பி. விசைப்பலகையும் மவுஸும் செத்துப்போகும். 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தக்கூட முடியாது. அதைத் தாண்டினால், என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யை அதற்குத் தெரியாது. தனித் திருத்தம் ஒன்றைச் சேர்த்த பின்னரே தெரியும். விண்டோஸ் 7 க்குத் தேவையான பழைய பயோஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) ஒத்திசைவு முறையையும் இன்டெல் தன் புதிய தளங்களிலிருந்து நீக்கிவிட்டது. இவ்வளவையும் ஒருவர் எப்படியோ கடந்து நிறுவிவிட்டாலும், திரைக்கும் வைஃபைக்கும் டிரைவர் இராது. அதோடு விண்டோஸ் 7 க்கான நிறுவல் கோப்பை மைக்ரோசொஃப்ட் இப்போது தன் தளத்தில் வழங்குவதில்லை. யாரோ ஒருவர் பென் டிரைவில் தரும் பிரதிக்குள் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை நீங்களும் அறிய முடியாது, நானும் அறிய முடியாது.

விண்டோஸ் 10 இன் நிலை அவ்வளவு மோசமில்லை. இன்டெல், ஏ.எம்.டி. புரொசசர் கொண்ட பல புதிய கணினிகளில் அதை நிறுவ முடியும். ஆனால் 11ஆம் தலைமுறை முதல் வந்த இன்டெல் மடிக்கணினிகளில், நிறுவும்போது வன்தட்டே இல்லை என்று திரை சொல்லக்கூடும். தட்டு பழுது என்று பயப்பட வேண்டாம். சேமிப்புக்கான இன்டெல் டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, லோட் டிரைவர் என்பதை அழுத்திக் காட்டினால் அது தெரியும். 12ஆம் தலைமுறையிலிருந்து புரொசசருக்குள் பெரிய கருக்களும் (கோர்) சிறிய கருக்களும் கலந்து வருகின்றன. வேலையை அவற்றுக்கிடையே நன்றாகப் பங்கிடும் திறன் 11 இல்தான் முழுமையாக இருக்கிறது. ஸ்னாப்டிராகன் புரொசசர் கொண்ட கணினியானால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7 க்கானவை 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கானவை 2025 ஒக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 7 இல் இயங்கும் குரோம் உலாவியின் கடைசிப் பதிப்பு 109. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை நான் வைத்திருக்க மாட்டேன்.

"எங்கள் கணினியில் இணையமே இல்லை, பிறகென்ன பயம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கொமினிக்கேசன் கடையின் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ்கள் செருகப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவி, பிரித்தானியாவின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். ஒரு கணினிக்குள் புகுந்த பின்னர், அதே வலையமைப்பில் இருந்த மற்றவற்றுக்கு அது தானாகவே தாவியது. இணையம் இல்லாத ஒற்றைக் கணினியும், இணையம் இல்லாவிட்டாலும் மற்றக் கணினிகளோடு இணைந்த கணினியும் ஒன்றல்ல.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸ் 11 புரோ பதிப்போடு வாங்கிய கணினியில் விண்டோஸ் 10 புரோவுக்கு இறங்கும் உரிமை உண்டு. ஹோம் பதிப்புக்கு அந்த உரிமை இல்லை. புதிய கணினியோடு வந்த உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், பின்னர் 11 க்குத் திரும்பினால் அது தானாகவே செயற்படும். உரிமத்தை உடைக்கும் கருவிகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பழையதை வைத்துக்கொள்ளும் வேறு வழிகள்

நான் அதிகமாகப் பரிந்துரைப்பது, புதிய கணினிக்குள் பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியாக வைத்துக்கொள்வது. வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய விண்டோஸை அதற்குள் போட்டால், அது ஒரு சாளரத்துக்குள் தனிக் கணினிபோல இயங்கும். 32 பிட் விண்டோஸையும் அதற்குள் வைக்கலாம் என்பதால், 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள ஸ்கேனரை யூ.எஸ்.பி. வழியாக அந்த உள்கணினிக்கே கொடுத்துவிடலாம். இதற்கு 8 ஜிபி றாமாவது வேண்டும். பயோஸில் வெர்ச்சுவலைசேசன் வசதி இயங்க வேண்டும். உள்கணினியின் வலையமைப்பை நிறுத்தி வையுங்கள். விளையாட்டுகளுக்கும் கனமான வரைகலை வேலைக்கும் இது பொருந்தாது; கணக்கு மென்பொருளுக்கும் பேஜ்மேக்கருக்கும் தாராளமாகப் பொருந்தும்.

இன்னொரு வழி, பழைய கணினியைக் கைவிடாமல் இருப்பது. அதன் வன்தட்டை எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி எடுத்து, மின்வழங்கியைத் துடைத்து, வலைக் கம்பியைக் கழற்றி, அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒதுக்கி வைத்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். ஜெனரேட்டரிலும் சூரியத் தகட்டிலும் கணினி ஓட்டிப் பழகிய வன்னி மக்களுக்குப் பழைய இயந்திரத்தைப் பேணுவது பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கணினிகள் பல உள்ள கல்வி நிலையங்கள், டேட்டா செலவுக்கு அஞ்சிப் பழைய விண்டோஸைக் கேட்பதும் உண்டு. விண்டோஸ் 10 இலும் 11 இலும் டெலிவரி ஒப்டிமைசேசன் என்ற அமைப்பு இருக்கிறது. அதை உள்வலையமைப்புக்குத் திறந்துவிட்டால், ஒரு கணினி இறக்கிய புதுப்பிப்பை மற்றவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும்.

எல்லாம் பார்த்தும் மாற்றத்தான் வேண்டும் என்றால்

மூலத் தட்டை அழிக்காதீர்கள். இதுவே முழுச் செயல்முறையின் உயிர்நாடி. கணினியோடு வந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துவிட்டு, 256 ஜிபி அளவில் இன்னொன்றை வாங்கிப் போட்டு, அதில் பழைய விண்டோஸை நிறுவுங்கள். மூடியைத் திறப்பது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்பதை விற்றவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பலகையோடு ஒட்டிய சேமிப்பாக இருந்தால் இது முடியாது. அப்போது குறைந்தது ரிக்கவரி டிரைவ் ஒன்றையாவது 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னர் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் 11 கணினிகள் பல, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு திறந்தவுடன் தட்டில் உள்ளவற்றைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி தாமாகவே மறையாக்கம் செய்துவிடுகின்றன. பயோஸில் செக்கியூர் பூட் போன்றவற்றை மாற்றினால், அடுத்த முறை அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். கடவுச்சொல்லை மறந்திருந்தால், அல்லது கணக்கைத் திறந்து தந்தவர் தன் கைபேசி இலக்கத்தைக் கொடுத்திருந்தால், படங்களும் ஆவணங்களும் போனதுதான். முல்லைத்தீவிலிருந்து ஏ35 வழியாக பஸ் ஏறி வந்த ஒரு மாணவியிடம் இதைச் சொல்ல நேர்ந்தது. சாவியைத் தாளில் எழுதி, கணினிப் பைக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள்.

பிறகு கணினி தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாதிரிக்கு விண்டோஸ் 10 என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். இருந்தால் வைஃபை, சேமிப்பு, திரை, ஒலி ஆகியவற்றின் டிரைவர்களை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமல் நிறுவி முடித்தால், அதை இறக்குவதற்கான இணையமே கிடைக்காது. அந்த இக்கட்டில் கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் டேட்டாவைக் கொடுப்பது உதவும். விண்டோஸ் 10 இன் நிறுவல் கோப்பை மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடங்குவதானால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும்; மேசைக் கணினியானால் யூ.பி.எஸ். வேண்டும். இடி முழங்கும் மாலையில் பயோஸைத் தொடாதீர்கள்.

நிறுவி முடிந்ததும், தாளில் எழுதிய அந்த ஒரு வசனத்தை எடுத்து, அந்த வேலையை முதலில் செய்து பாருங்கள். ஸ்கேனரோ தராசோ பேஜ்மேக்கரோ, எதற்காக இவ்வளவும் செய்தீர்களோ அது நடக்கவில்லை என்றால், மற்றவை எவ்வளவு அழகாக ஓடினாலும் புதிய தட்டைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டுங்கள். நடந்தால் இரண்டு கிழமைகள் நாளாந்த வேலையில் வைத்துப் பாருங்கள். அச்சிடுதல், ஒலி, மூடித் திறக்கும்போது விழித்தெழுதல், வெளித்திரை இணைப்பு எல்லாம் அந்த நாட்களில் வெளிப்பட்டுவிடும். மூலத் தட்டை ஒரு உறையில் இட்டு, கணினியின் மாதிரிப் பெயரையும் கழற்றிய தேதியையும் உறையின் மேல் எழுதி, உத்தரவாத அட்டையோடு சேர்த்து அலுமாரியில் வையுங்கள்.